கோஷா ஆஸ்பத்திரி: ஒரு பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு



சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஓட்டுநரிடம் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று சொன்னால் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். பெயர் மாறியது 1948-ஆம் ஆண்டில். ஆயினும் நம் பாட்டிமார்களின் நாவில் அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். 'நீ கோஷாவிலே பிறந்தவன்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

கோஷா என்பது பாரசீகச் சொல். மூலை, ஒதுங்கிய இடம் என்பது அதன் பொருள். உருது வழியாகச் சென்னை மாகாணத்தில் புழங்கி, பர்தா முறையைப் பேணி வீட்டுக்குள் இருந்த பெண்களைக் குறிக்கும் சொல்லாயிற்று. அந்தப் பெண்களுக்கென்றே, அவர்களுடைய பழக்கத்தை முன்வைத்து ஒரு மருத்துவமனை எழுந்தது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். அதில் நாம் பெருமைப்பட வேண்டியதும் உண்டு, தலைகுனிய வேண்டியதும் உண்டு.

1866-ஆம் ஆண்டு மேரி ஷார்லீப் என்னும் இளம் ஆங்கிலப் பெண்மணி தம் கணவருடன் சென்னை வந்து சேர்ந்தார். கணவர் வில்லியம் ஷார்லீப் வழக்கறிஞர். மேரி 1845-இல் லண்டனில் பிறந்தவர். அவர் பிறந்த சில நாட்களிலேயே தாயார் இறந்துவிட்டார். பிரசவம் ஒரு பெண்ணின் உயிரை எப்படிப் பறிக்கும் என்பதைத் தம் பிறப்பிலேயே சுமந்து வந்தவர் என்று சொல்லலாம். மருத்துவம் படிக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. கணவரின் சட்டப் பணிகளில் உதவிக்கொண்டு குடும்பம் நடத்தியவர்தாம்.

சென்னையில் அவர் காதுக்கு வந்த செய்திகள் அவரைத் தூங்கவிடவில்லை. கோஷா முறையைப் பேணிய முஸ்லிம் இல்லங்களிலும் உயர்சாதி இந்து இல்லங்களிலும் பிரசவம் சிக்கலாகிவிட்டால் பெண்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். இயல்பான பிரசவத்தை மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள். தலைமுறை தலைமுறையாக அனுபவத்தால் கற்றவள் அவள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டாலோ அவளால் ஆவது ஒன்றுமில்லை. பட்டணத்தில் 1844 முதலே அரசுப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே இருந்த மருத்துவர்கள் அனைவரும் ஆண்கள். ஆதலால் இந்தப் பெண்களைப் பொறுத்தவரை அந்த ஆஸ்பத்திரி கடலுக்கு அப்பால் இருந்ததாகவே கொள்ளவேண்டும். செல்வந்தர் வீடுகளில் மருத்துவரை அழைத்தாலும், திரைக்கு வெளியே நீட்டப்பட்ட கையில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அவர் போகவேண்டியதுதான்.

இந்த இடத்தில் சிறிது நின்று யோசிப்போம். அந்தப் பெண்களைக் கொன்றது கோஷாவா? அக்காலத்தில் எழுதிய ஆங்கிலேயர் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். நாம் அதை அப்படியே ஏற்கமாட்டோம். மருத்துவம் கற்ற பெண் ஒருத்திகூட இல்லாத நிலைதான் அவர்களைக் கொன்றது. அந்நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், கல்லூரிக் கதவைப் பெண்களுக்கு அடைத்து வைத்த அரசாங்கமும் பொறுப்பு, தம் பெண்களில் ஒருத்தியையேனும் அக்கல்வியில் தேர்ச்சி பெறச் செய்யாத நம் சமூகமும் பொறுப்பு. நம் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிடும் முன் நம் சட்ட நூல்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்த்துவிடவேண்டும்.

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் இந்தப் பிரச்சினை தெளிவாகவே பேசப்பட்டிருக்கிறது. பெண்ணின் மறைவிடத்தில் நோயோ புண்ணோ ஏற்பட்டால், அதற்கு மருந்திடும் முறையை வேறொரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்து அவளைக் கொண்டு சிகிச்சை செய்விக்கவேண்டும் என்பது முதல் நிலை. அப்படிப்பட்ட பெண் கிடைக்காமல், உயிருக்கோ தாங்கமுடியாத துன்பத்திற்கோ அஞ்சும் நிலை வந்தால், நோயுள்ள இடம் தவிர மற்றனைத்தையும் மறைத்துவிட்டு, இயன்றவரை பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஆண் மருத்துவர் சிகிச்சை செய்யலாம் என்பது அடுத்த நிலை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும், ஆனால் நிர்ப்பந்தத்தின் அளவுக்கே ஆகுமாக்கும் என்பது மத்ஹபுகள் பொதுவில் ஏற்ற விதி. இரண்டாம் நிலையான அனுமதியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். முதல் நிலையில் ஓர் ஏவல் இருக்கிறது: ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். அதைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

நம் முன்னோர் இதனை அறியாதவர்களும் அல்லர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் இருந்தது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அங்கேதான் சிகிச்சைக்காக வைக்கப்பட்டார்கள் என்பது சீராவில் நாம் படிப்பது. ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்து ஏறத்தாழ 1013-இல் மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவி, பெண்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் தோன்றினால் அதனை எடுப்பதிலுள்ள சிரமங்களைத் தம் 'தஸ்ரீஃப்' நூலில் விவரிக்கிறார். நாணமுள்ள பெண் ஆண் மருத்துவரிடம் தன்னைக் காட்டமாட்டாள் என்பதும், இக்கலையில் தேர்ந்த பெண் கிடைப்பது அரிது என்பதும் அவர் சொல்லும் சிரமங்களில் அடங்கும். அதற்காக அவர் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. திறமையான மருத்துவச்சியை வரவழைத்து, தாம் படிப்படியாகச் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்விக்கும் வழியை எழுதிவைத்தார். அதே அந்தலுஸில் இப்னு ஸுஹ்ர் குடும்பத்துப் பெண்கள் இருவர், மருத்துவர் அபூபக்ரின் சகோதரியும் அவருடைய மகளும், மகப்பேறு மருத்துவத்தில் தேர்ந்து முவஹ்ஹித் கலீஃபாவின் இல்லத்துப் பெண்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். இவையெல்லாம் நம் கிதாபுகளிலும் நம் வரலாற்றிலும் இருந்தவை. சென்னையில் 1866-இல் மட்டும் அவை எங்கே போயின?

மேரி ஷார்லீப் முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாது என்று விரைவில் உணர்ந்தார். சிக்கலான நேரத்தில் முழு மருத்துவர் செய்யக்கூடியதைத் தாமும் செய்யவேண்டும் என்றால் முழு மருத்துவக் கல்வியே வேண்டும். அப்போது சென்னை மாகாணத்தின் மருத்துவத் தலைமைப் பதவியில் எட்வர்ட் பால்ஃபர் இருந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். பாரசீகமும் உருதுவும் கற்றவர். திருவல்லிக்கேணியில் முஹம்மடன் பொது நூலகம் 1850-இல் உருவானது இவர் முயற்சியால். நம் மக்களோடு நெருங்கிப் பழகியவர் என்பதால் அந்தப்புரங்களின் நிலை இவருக்குத் தெரிந்திருந்தது. பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடினார். 1875-இல் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி, அப்போது மூன்று குழந்தைகளின் தாய்.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற பெண்களுக்குப் பட்டம் மறுக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டனில் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தேர்வு அமைப்புகளுக்கு இடமளித்த சட்டம் அதற்கு மறு ஆண்டுதான் வந்தது. கோஷாப் பெண்களின் தேவை இங்கே கண்முன் நின்றதால், சீமையில் பெரும்பாலும் அடைபட்டிருந்த கதவு சென்னையில் திறந்தது. நம் பாட்டிமார்களின் பர்தா உலக மருத்துவக் கல்வி வரலாற்றில் ஒரு கதவைத் தள்ளியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

கதவு திறந்ததும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. பெண்களுக்குக் கற்பிக்க மனமில்லாத பேராசிரியரும் அங்கே இருந்தார், பின்னர் மாணவியரின் உழைப்பைக் கண்டு மனம் மாறினார். 1878-இல் மேரி தேறினார். அத்துடன் நிற்காமல் குழந்தைகளை அழைத்துக்கொண்டு லண்டன் சென்றார். கணவர் சென்னையிலேயே இருந்தார். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மீண்டும் மாணவியாக அமர்ந்து, 1882-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர் அவர். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. பிறகு வியன்னா சென்று பிரசவ அறுவைச் சிகிச்சையில் பயிற்சி எடுத்துக்கொண்டார். பிரசவம் பார்க்கும் மருத்துவர் கையைக் கிருமி நீங்கக் கழுவினால் தாய்மார்களின் மரணம் குறையும் என்று செம்மல்வைஸ் 1847-இல் கண்டறிந்தது அந்த வியன்னாவில்தான்.

இவ்வளவு படிப்பு எதற்கு? பர்தாப் பெண்களுக்கு ஏதோ ஒரு பெண் கிடைத்தால் போதாதா, அரைகுறைப் பயிற்சி பெற்றவளாயினும் சரி என்று அக்காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. மேரி அப்படி நினைக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் மருத்துவம், லண்டனில் உள்ள பெண்ணுக்குக் கிடைக்கும் மருத்துவத்திற்குச் சற்றும் குறையக்கூடாது என்பதே அவர் உழைப்பிலிருந்து நாம் புரிந்துகொள்வது. இன்றும் இதில் நாம் தவறு செய்கிறோம். மறைவு இருக்கிறதா என்று கேட்கிறோம், தரம் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

1883-இல் அவர் சென்னை திரும்பினார். தாம் மாணவியாக இருந்த அதே மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் கற்பித்தார். இல்லங்களுக்குச் சென்று இந்து, முஸ்லிம் பெண்களுக்குச் சிகிச்சை செய்தார். வீடு வீடாகச் சென்று பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இருண்ட அறையில், காற்றில்லாமல், சுற்றிலும் உறவுப் பெண்கள் கூடி நிற்க ஓர் அறுவைச் சிகிச்சையைச் செய்துவிட முடியாது. ஆஸ்பத்திரி வேண்டும். அந்தப் பெண்கள் வரக்கூடிய ஆஸ்பத்திரியாக அது இருக்கவேண்டும்.

1885-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அது தொடங்கியது. விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கி, சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை என்று பெயரிடப்பட்டது. மருத்துவர்களும் செவிலியரும் பெண்களே. ஆண் பார்வை படாமல் வந்து, படுத்து, குணமாகித் திரும்பலாம். ஒவ்வொரு சமூகத்தின் பழக்கத்திற்கும் ஏற்ற ஏற்பாடு இருந்தது. வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வழங்க, சேப்பாக்கத்தில் அரசு நிலம் தர, 1890-இல் மருத்துவமனை இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. நவாபின் பழைய அரண்மனையும் வாலாஜா பள்ளிவாசலும் அருகில்தான். நம் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிக்கே ஆஸ்பத்திரி நடந்து வந்துவிட்டது.

இதில் எம்மை மிகவும் ஈர்ப்பது ஒன்றுதான். முதலில் பர்தாவை விட்டுவிட்டு வா, பிறகு உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று மேரி ஷார்லீப் நிபந்தனை போடவில்லை. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர், பக்தியுள்ள கிறிஸ்தவர். பர்தாவைப் பற்றி அவர் கருத்து நம் கருத்தாக இருந்திருக்க முடியாது. இருந்தும், இந்தப் பெண் ஏன் வரவில்லை என்று கேட்டு, அவள் வருவதற்கு எது தடையோ அதை ஆஸ்பத்திரியிலிருந்து நீக்கினார். நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அதன் உருவத்தை 1885-லேயே சென்னையில் காணலாம்.

குறைகளையும் சொல்லவேண்டும். மருத்துவமனையின் பெயரிலேயே 'சாதி' முன்னால் நின்றது. உயர்சாதிப் பெண்ணின் தீண்டாமைப் பழக்கமும் முஸ்லிம் பெண்ணின் வெட்கமும் ஒரே தட்டில் வைத்து மதிக்கப்பட்டன. மனிதரை மனிதர் தாழ்வாகக் கருதும் ஒன்றை வெட்கத்தோடு சேர்த்து எண்ணுவது நம் தீனுக்கு ஒவ்வாது. வயலிலும் தெருவிலும் உழைத்த ஏழைப் பெண்களுக்கு மறைவும் இல்லை, தனி ஆஸ்பத்திரியும் இல்லை. அதே 1885-இல் வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி இந்தியப் பெண்களின் மருத்துவத்திற்கென நிதி ஒன்றை ஏற்படுத்தினார். அந்த நிதியின் பார்வையும் திரைக்குள் இருந்த வசதியுள்ள பெண்கள் மீதே மிகுதியாகப் பதிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் குறை கூறுகிறார்கள். அது நியாயமான குறையே.

உடல்நலம் கெட்டதால் ஷார்லீப் அம்மையார் 1887-இல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். வயிற்று அறுவைச் சிகிச்சையில் பெரும்புகழ் பெற்று, 1902-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்கள் நோய்ச் சிறப்பு மருத்துவராக அமர்ந்தார். 1930-இல் காலமானார். அவர் தொடங்கியது இங்கே நிற்கவில்லை. முத்துலெட்சுமி ரெட்டி அவர்கள் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றது அவர் நடந்த அதே கல்லூரியில்தான்.

சென்னையில் வழி பிறந்த பிறகும் ஊர்ப்புறத்தில் நிலைமை மாறவில்லை. 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். தம் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம். ஐடா அதன் பிறகு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் மருத்துவமனை தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார்.

வேலூரின் புகழைச் சொல்லும்போது எல்லோரும் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறார்கள். எமக்கு அந்த முஸ்லிம் கணவரின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. அவர் கொடியவர் அல்லர். இரவில் கதவைத் தட்ட ஓடிவந்தவர், மனைவி மீது அன்பு உள்ளவர். மார்க்கம் தடுக்கிறது என்று நம்பினார். உயிருக்கு அஞ்சும் நிலையில் மார்க்கம் தடுக்கவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொல்லிக் கொடுக்கவேண்டியவர்கள் ஆலிம்கள். எம்மைப் போன்றவர்கள். பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீத் ஆவாள் என்னும் ஹதீஸை நாம் அடிக்கடி ஓதிக் காட்டுகிறோம். அது இறந்தவளின் குடும்பத்துக்கு ஆறுதல். தடுக்கக்கூடிய மரணத்தைத் தடுக்காமல் இருந்தவனுக்கு அது சாக்காக முடியாது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற இறைவாக்கின் கருத்தையும் அதே மிம்பரில்தான் நாம் சொல்கிறோம்.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பெண் மகப்பேறு மருத்துவர்கள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். இப்போது எமக்கு வரும் கேள்விகள் வேறு வகை. ஜும்ஆ முடிந்து ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி வந்தார். 'ஹஜ்ரத், வீட்டில் அவங்களுக்கு எட்டாம் மாதம். பெண் டாக்டரிடம்தான் காட்டுகிறோம். நேற்று டாக்டர் என்ன கேட்டாலும் நானே பதில் சொன்னேன். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். இது சரிதானா?' என்றார். கோபத்தில் இருந்தார். வெளியே அனுப்பிய பிறகு உங்கள் மனைவி டாக்டரிடம் என்ன சொன்னார் என்று கேட்டோம். ஒரு மாதமாக இரவில் கால் வீங்குவதையும், கண் மங்கலாகத் தெரிவதையும் அப்போதுதான் சொன்னாராம். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. உடனே கவனித்திருக்கிறார்கள். தமக்கே அதுவரை தெரியாது என்று அவர் சொன்னபோது குரல் தாழ்ந்துவிட்டது. மருத்துவர் செய்தது சரி என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

இன்னொரு சகோதரர் எம் மக்தபில் ஓதிய மாணவியின் தந்தை. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவில் சேரவேண்டும் என்கிறாள். மருத்துவம் படிக்கும் ஆசை. 'பெண் பிள்ளைக்கு எதற்கு ஹஜ்ரத் இவ்வளவு வருஷப் படிப்பு, நாளைக்கு மாப்பிள்ளை பார்ப்பது கஷ்டம்' என்றார். உங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்த்தது யார் என்று கேட்டோம். பெண் டாக்டர்தான், ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்றார். அந்த டாக்டரும் யாரோ ஒரு தந்தையின் மகள்தானே என்றோம். அவர் பேசவில்லை. அலமாரியிலிருந்து கிதாபை எடுத்து, ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்ற அந்த வரியைக் காட்டிப் பொருள் சொன்னோம். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று போனார். அடுத்த வாரம் மகளின் மதிப்பெண் சான்றிதழோடு வந்து, பள்ளியில் கொடுக்கும் விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்டார்.